மரபணு அறிக்கை சொல்லாததை ஆர்.என்.ஏ. சொல்லும்

நான் மூலக்கூறு உயிரியல் ஆய்வாளர். ஸ்ப்ளைசிங் எனப்படும் ஆர்.என்.ஏ. வெட்டி ஒட்டும் வேலையும், அது பிசகும்போது வரும் தசை, நரம்பு நோய்களும்தான் என் ஆய்வு. இத்தனை ஆண்டு இந்த வேலையில் இருந்ததில் எனக்கு ஒன்று உறுதியாகிவிட்டது. டி.என்.ஏ.வில் ஓர் எழுத்து மாறியிருப்பதை மட்டும் பார்த்து ஒரு நோயாளியின் தலையெழுத்தைச் சொல்லிவிடக் கூடாது. அந்த மாற்றம் ஆர்.என்.ஏ.வில் என்ன செய்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். அதையும் சரியான திசுவில் பார்க்க வேண்டும். ஆய்வகத்துக்கு வரும் மாணவர்களிடமும், நோயுள்ள பிள்ளைகளின் பெற்றோரிடமும் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்.

அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மரபணுவிலிருந்து படியெடுக்கப்படும் முதல் ஆர்.என்.ஏ. அப்படியே புரதமாக மாறுவதில்லை. எக்சான் எனப்படும் தேவையான துண்டுகளுக்கு நடுவே இன்ட்ரான் எனப்படும் நீளமான பகுதிகள் இருக்கும். ஸ்ப்ளைசோசோம் என்ற பெரிய மூலக்கூறுக் கூட்டம் இன்ட்ரான்களை வெட்டி எடுத்து எக்சான்களை ஒட்டுகிறது. பிலிப் ஷார்ப், ரிச்சர்ட் ராபர்ட்ஸ் இருவரின் குழுக்களும் 1977-இல் அடினோவைரஸில் இதைக் கண்டுபிடித்தன. 1993-இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்ட்ரான் பெரும்பாலும் ஜி.யு. என்ற இரண்டு எழுத்தில் தொடங்கி ஏ.ஜி. என்ற இரண்டு எழுத்தில் முடியும். ஆனால் எங்கே வெட்டுவது என்று முடிவு செய்ய அந்த நான்கு எழுத்து போதாது. எக்சானுக்கு உள்ளேயும் இன்ட்ரானின் ஆழத்திலும் "இதைச் சேர்த்துக்கொள்", "இதை விட்டுவிடு" என்று சொல்லும் குறிப்புகள் சிதறிக் கிடக்கின்றன. அவற்றில் ஒட்டும் புரதங்கள் திசுவுக்குத் திசு மாறும். சிக்கல் எல்லாம் இங்கேதான் தொடங்குகிறது.

டிஸ்ட்ரோஃபின் மரபணுவை எடுத்துக்கொள்ளுங்கள். டுஷென் தசைச்சிதைவு நோய்க்குக் காரணமான மரபணு இது. ஏறத்தாழ 22 லட்சம் எழுத்து நீளம், 79 எக்சான்கள். ஸ்ப்ளைசிங் முடிந்து மிஞ்சும் ஆர்.என்.ஏ.வோ சுமார் 14,000 எழுத்துதான். 99 சதவீதத்துக்கும் மேல் வெட்டி எறியப்படுகிறது. முழுப் படியெடுப்புக்கே கிட்டத்தட்ட 16 மணி நேரம் ஆகிறது. இவ்வளவு வேலையும் நம் ஒவ்வொரு தசை நாரிலும் பெரும்பாலும் பிழையில்லாமல் நடக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

ஆனாலும் நான் அதிகம் கற்றுக்கொண்டது எஸ்.எம்.ஏ. எனப்படும் முதுகுத்தண்டுத் தசைநலிவு நோயிடமிருந்துதான். இதற்குக் காரணமான எஸ்.எம்.என்.1 மரபணுவை 1995-இல் ஜூடித் மெல்கியின் குழு கண்டுபிடித்தது. நோயாளிகளில் பெரும்பாலோருக்கு இந்த மரபணு இரண்டு பிரதியிலும் இல்லாமல் போயிருக்கும். மனிதர்களுக்கு எஸ்.எம்.என்.2 என்று கிட்டத்தட்ட அதே மாதிரியான இன்னொரு மரபணுவும் உண்டு. அது இருந்தும் ஏன் நோய் வருகிறது? எக்சான் 7-இன் ஆறாவது எழுத்து சி-யாக இருப்பதற்குப் பதில் அதில் டி-யாக இருக்கிறது. இந்த மாற்றத்தால் அமினோ அமிலம் மாறுவதே இல்லை. மரபணுக் குறியீட்டு அட்டவணையை மட்டும் வைத்துப் பார்த்தால் எந்தப் பாதிப்பும் இருக்கக் கூடாது. ஆனால் அந்த ஓர் எழுத்து, எக்சானைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லும் குறிப்பைக் கலைத்துவிடுகிறது. எஸ்.எம்.என்.2 தரும் ஆர்.என்.ஏ.வில் பெரும்பகுதி எக்சான் 7 இல்லாமலே வெளிவருகிறது. அப்படி வரும் புரதம் நிலைக்காமல் சிதைந்துவிடும். இயக்க நரம்பணுக்கள் ஒவ்வொன்றாக மடிகின்றன.

மாணவர்களுக்கு இதிலிருந்து ஒரு பாடம். மரபணுக்களின் எக்சான் பகுதிகளை மட்டும் வாசிக்கும் எக்சோம் பரிசோதனையில் ஆயிரக்கணக்கான மாற்றங்கள் வரும். பட்டியலைச் சுருக்கும்போது, அமினோ அமிலத்தை மாற்றாதவற்றை முதல் வேலையாகத் தூக்கி எறிவது பலருக்கும் வழக்கம். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். நோயாளியின் அறிகுறியோடு பொருந்தும் மரபணுவாக இருந்தால், அந்த "மௌன" மாற்றங்களையும், எக்சான் ஓரத்திலிருந்து சில எழுத்து தள்ளியிருக்கும் இன்ட்ரான் மாற்றங்களையும் தனியே எடுத்து வையுங்கள். குறிப்பாக இன்ட்ரானின் ஐந்தாவது எழுத்தில் வரும் மாற்றம். அறிக்கையில் "முக்கியத்துவம் உறுதியில்லை" என்று போட்டிருப்பார்கள், ஆர்.என்.ஏ.வைப் பார்த்தால் ஒரு முழு எக்சானே காணாமல் போயிருக்கும். இதை நான் மறுபடி மறுபடி பார்த்திருக்கிறேன்.

எஸ்.எம்.ஏ. கதையின் இரண்டாம் பாதிதான் இந்தத் துறைக்கே நம்பிக்கை தந்தது. எக்சான் 7-ஐ அடுத்துள்ள இன்ட்ரானில், எக்சானைச் சேர்க்கவிடாமல் தடுக்கும் ஒரு சிறு பகுதி இருப்பதை ரவீந்திர சிங்கும் அவருடைய சகாக்களும் 2006-இல் காட்டினார்கள். அந்தப் பகுதியில் போய் ஒட்டிக்கொண்டு மறைக்கும் 18 எழுத்துச் செயற்கை இழைதான் நுசினெர்சென் மருந்து. ஏட்ரியன் கிரைனரின் ஆய்வகமும் அயோனிஸ் நிறுவனமும் அதை வளர்த்தெடுத்தன. 2016 டிசம்பரில் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. முதல் இரண்டு மாதங்களில் நான்கு முறை, அப்புறம் நான்கு மாதத்துக்கு ஒரு முறை, முதுகுத்தண்டு நீரில் ஊசியாகப் போடுகிறார்கள். அதே எக்சானைச் சேர்க்க வைக்கும் ரிஸ்டிப்லாம் என்ற வாய்வழி மருந்து 2020-இல் வந்தது. காணாமல் போன எஸ்.எம்.என்.1 மரபணுவை இந்த இரண்டு மருந்துகளும் தொடவில்லை. உடம்பில் ஏற்கெனவே இருந்த எஸ்.எம்.என்.2-இன் ஸ்ப்ளைசிங்கைத் திருத்தினார்கள், அவ்வளவுதான். மூச்சுக் கருவி இல்லாமல் இரண்டு வயதைத் தாண்டுவதே அரிதாக இருந்த வகை 1 எனப்படும் கடுமையான எஸ்.எம்.ஏ. குழந்தைகளில், அறிகுறி தெரியும் முன்பே மருந்து பெற்றவர்கள் பலர் இன்று நடக்கிறார்கள்.

எஸ்.எம்.ஏ. குடும்பங்கள் அதிகம் கேட்பது எஸ்.எம்.என்.2 எத்தனை பிரதி என்பதைப் பற்றி. அதிகப் பிரதி இருந்தால் பொதுவாக நோய் லேசாக இருக்கும், உண்மைதான். ஆனால் அந்த எண்ணிக்கையை மட்டும் பிடித்துக்கொண்டு எதிர்காலத்தைக் கணித்துவிடாதீர்கள். எஸ்.எம்.என்.2-இன் எக்சான் 7-இல் வேறோர் இடத்தில் ஜி என்ற எழுத்து சி-யாக மாறியிருந்தால் அந்த எக்சான் கூடுதலாகச் சேரும். இரண்டே பிரதி உள்ளவர்கள்கூட லேசான நோயோடு இருப்பார்கள். எண்ணிக்கையைச் சொல்லும் அறிக்கையில் இந்த மாற்றம் பார்க்கப்பட்டதா என்று கேட்கலாம்.

இனி டுஷென். இங்கே மூன்றெழுத்துக் கணக்குதான் எல்லாம். ஆர்.என்.ஏ.வை மூன்று மூன்று எழுத்தாகப் படித்துத்தான் செல் புரதம் செய்கிறது. பெற்றோருக்கு விளக்கும்போது நான் ஒரு வாக்கியம் எழுதிக் காட்டுவேன்: "அவன் நேற்று இங்கே இல்லை". ஒவ்வொரு சொல்லிலும் மூன்று எழுத்து. "நேற்று" என்பதை முழுதாக எடுத்துவிட்டால் "அவன் இங்கே இல்லை" என்று மிஞ்சும்; கொஞ்சம் குறைந்தாலும் பொருள் உண்டு. "அவன்" என்பதிலிருந்து ஒரே ஓர் எழுத்தை, வ-வை மட்டும் எடுத்துவிட்டு மறுபடி மூன்று மூன்றாகப் படித்தால் "அன்நே ற்றுஇ ங்கேஇ ல்லை". எழுத்து ஒன்றுதான் போனது, வாக்கியமே போய்விட்டது. தொலைந்த எக்சான்களின் மொத்த எழுத்து எண்ணிக்கை மூன்றால் வகுபடாவிட்டால் டிஸ்ட்ரோஃபின் பாதியில் நின்றுவிடும், டுஷென் வரும். வகுபட்டால் நடுவில் குட்டையான, ஓரளவு வேலை செய்யும் புரதம் கிடைக்கும். அது பெரும்பாலும் லேசான பெக்கர் வகையாக இருக்கும்.

எக்சான் தாவல் மருந்துகளின் கணக்கும் இதுவே. எக்சான் 49, 50 இரண்டும் தொலைந்த ஒரு பையனை எடுத்துக்கொள்வோம். அவற்றின் நீளம் 102-உம் 109-உம் சேர்ந்து 211 எழுத்து, மூன்றால் வகுபடாது. 233 எழுத்துள்ள எக்சான் 51-ஐயும் ஸ்ப்ளைசிங்கின்போது தாண்ட வைத்தால் மொத்தம் 444, வகுபடும். 2016-இல் ஒப்புதல் பெற்ற எடெப்லிர்சென் செய்வது இதைத்தான். டுஷென் நோயாளிகளில் ஏறத்தாழ 13 சதவீதம் பேருக்கு எக்சான் 51 தாவல் பொருந்தும். எக்சான் 53-க்கும் 45-க்கும் தனித்தனி மருந்துகள் பின்னர் வந்தன. உங்கள் பிள்ளைக்கு எது பொருந்தும் என்பதைத் துல்லியமான எக்சான் எல்லைகளை வைத்துத்தான் சொல்ல முடியும். "டிஸ்ட்ரோஃபினில் நீக்கம் உள்ளது" என்று மட்டும் எழுதிய அறிக்கையோடு திருப்தி அடையாதீர்கள். எக்சான்கள் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்க்கும் எம்.எல்.பி.ஏ. பரிசோதனையில் 79 எக்சான்களும் எண்ணப்பட்டனவா, எது முதல் எது வரை இல்லை என்று கேளுங்கள்.

இதில் ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். எடெப்லிர்சென் ஒப்புதலுக்கு அடிப்படையான ஆய்வுகளில் தசையில் உருவான டிஸ்ட்ரோஃபின், சராசரியாக இயல்பான அளவில் 1 சதவீதத்தைக்கூட எட்டவில்லை. ஸ்ப்ளைசிங் கணக்கு சரி, ஆனால் மருந்து தசைக்குள் போதிய அளவு போவதில்லை. இதயத் தசைக்குள் போவது இன்னும் குறைவு. எஸ்.எம்.ஏ.வில் கிடைத்த வெற்றி டுஷெனில் அப்படியே வராததற்கு இது பெரிய காரணம். நம்பிக்கையோடு கேட்கும் பெற்றோரிடம் இதைச் சொல்வது சிரமம்தான். சொல்லாமல் விடுவது அவர்களுக்குச் செய்யும் அநீதி என்று நான் நினைக்கிறேன்.

மூன்றெழுத்து விதிக்கும் விலக்கு உண்டு. எங்களிடம் மாதிரி வந்த ஒரு பையனின் அறிக்கையில், டிஸ்ட்ரோஃபின் புரதம் பாதியில் நிற்கும்படியான மாற்றம் என்று தெளிவாக எழுதியிருந்தது. அதன்படி அவனுக்கு டுஷென். ஆனால் பதின்ம வயதிலும் அவன் மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தான். தசையிலிருந்து ஆர்.என்.ஏ. எடுத்துப் பார்த்தோம். அந்த மாற்றம், எக்சானைச் சேர்க்கச் சொல்லும் குறிப்பையும் சேர்த்தே கெடுத்திருந்தது. அதனால் ஒரு பங்கு ஆர்.என்.ஏ.வில் அந்த எக்சானே தாண்டப்பட்டிருந்தது. அதன் நீளம் மூன்றால் வகுபடும் என்பதால் கொஞ்சம் புரதம் உருவாகிக்கொண்டிருந்தது. பெக்கர் வகை. இப்படிப்பட்ட மாற்றங்கள் டிஸ்ட்ரோஃபினின் வேறு வேறு எக்சான்களில் பதிவாகியிருக்கின்றன. பிள்ளையின் நடையும் அறிக்கையும் ஒத்துப்போகவில்லை என்றால், நான் பிள்ளையின் நடையைத்தான் முதலில் நம்புவேன்.

சரி, ஆய்வக மேசைக்கு வருவோம். இந்தப் பகுதி மாணவர்களுக்கு. ஸ்ப்ளைசிங் மாற்றத்தைப் பார்க்க ஆர்.டி.-பி.சி.ஆர். (ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக மாற்றிப் பெருக்கும் முறை) செய்வது எளிது, அது தரும் விடையைச் சரியாகப் படிப்பது கடினம். பெருக்கலைத் தொடங்கி வைக்கும் சிறு இழையான பிரைமரைச் சந்தேகத்துக்குரிய எக்சானுக்கு அடுத்த எக்சானிலேயே வைத்தால், அந்தப் பக்கத்து எக்சானும் சேர்ந்து தாண்டப்படும்போது உங்கள் கண்ணில் எதுவும் படாது. இரண்டு மூன்று எக்சான் தள்ளி வையுங்கள். பி.சி.ஆர். எப்போதும் குட்டையான துண்டுக்குச் சாதகமாக நடந்துகொள்ளும். சுற்றுகளை அதிகமாக்கினால் கொஞ்சமாக இருந்த தாவல்கூடப் பாதிக்குப் பாதி போலத் தெரியும். எனவே அளவு சொல்ல வேண்டியபோது சுற்றுகளைக் குறைவாக வைத்து, துண்டுகளை நீளவாரியாகத் துல்லியமாகப் பிரிக்கும் கேப்பில்லரியில் ஓட்டிப் பாருங்கள். நீளமும் குட்டையுமான இரண்டு இழைகள் ஒன்றோடொன்று ஒட்டி ஜெல்லில் மூன்றாவதாக ஒரு பட்டை காட்டும். அதைப் புதிய கண்டுபிடிப்பு என்று எண்ணி வாரக்கணக்கில் துரத்துகிறவர்கள் உண்டு. ஒவ்வொரு பட்டையையும் வெட்டி எடுத்து வரிசை வாசியுங்கள். நான்கு எழுத்து தள்ளி வெட்டியிருந்தால் அகரோஸ் ஜெல்லில் வித்தியாசமே தெரியாது, ஆனால் புரதம் முழுதாகக் குலைந்திருக்கும். ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக மாற்றும் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் நொதியைச் சேர்க்காத கட்டுப்பாட்டுக் குழாய் ஒன்று எப்போதும் கூடவே இருக்கட்டும்; டி.என்.ஏ. கலந்திருந்தால் அது காட்டிக்கொடுக்கும்.

இன்னொரு பொறி, தவறான ஆர்.என்.ஏ. கண்ணுக்கே தெரியாமல் போவது. புரதம் பாதியில் நிற்கும்படியான ஆர்.என்.ஏ.வைச் செல் கண்டுபிடித்து அழித்துவிடும். அப்போது நோயாளியின் மாதிரியில் சரியான வடிவம் மட்டும் தெரியும்; "ஸ்ப்ளைசிங் இயல்பு" என்று எழுதிவிடத் தோன்றும். வளர்ப்புச் செல் என்றால், இந்த அழிப்பைத் தடுக்கும் சைக்ளோஹெக்சிமைடு கொடுத்து ஒரு மாதிரியும் கொடுக்காமல் ஒரு மாதிரியும் எடுத்து ஒப்பிடுங்கள். மறைந்திருந்தது வெளியே வரும்.

திசுவைப் பற்றி மாணவர்கள் போதிய கவலை கொள்வதில்லை. ரத்தம் எடுப்பது சுலபம், அதனால் எல்லாரும் ரத்தத்தில் தொடங்குகிறார்கள். தசை மரபணுக்கள் பல, ரத்தத்தில் மிகக் குறைவாகவே படியெடுக்கப்படும். படியெடுக்கப்பட்டாலும் ஸ்ப்ளைசிங் வேறு மாதிரி இருக்கலாம். வேலையைத் தொடங்கும் முன் ஜிடெக்ஸ் தரவுத்தளத்தைத் திறந்து, அந்த மரபணுவும் அந்த எக்சானும் எந்தத் திசுவில் வெளிப்படுகின்றன என்று பார்ப்பதற்குச் சில நிமிடங்கள்தான் ஆகும். தசை கிடைக்கவில்லை என்றால், தோலிலிருந்து வளர்த்த ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களில் மையோடி மரபணுவைச் செலுத்தித் தசைச் செல்லாக மாற்றலாம். மினிஜீன் சோதனையும் பயன்தரும், ஆனால் அது மரபணுவின் ஒரு துண்டை மட்டும் வெளியே எடுத்து வளர்ப்புச் செல்லில் வைத்துப் பார்ப்பது. தசையில் உள்ள புரதங்கள் அந்த வளர்ப்புச் செல்லில் இல்லாமல் இருக்கலாம். 2019-இல் வந்த ஸ்ப்ளைஸ்ஏஐ போன்ற கணினிக் கணிப்புகளை நான் நாள்தோறும் பயன்படுத்துகிறேன். எங்கே தேட வேண்டும் என்று அவை நன்றாகச் சொல்லும். தீர்ப்பை மட்டும் அவற்றிடம் விடுவதில்லை.

தசையில் பார்ப்பதன் பலன் எவ்வளவு என்பதற்கு 2017-இல் வெளிவந்த ஓர் ஆய்வு நல்ல சான்று. டேனியல் மெக்கார்தரின் குழு, மரபணுப் பரிசோதனையில் விடை கிடைக்காத தசை நோயாளிகளிடம் பரிசோதனைக்காக எடுத்த தசைத் துண்டில் (பயாப்ஸி) ஆர்.என்.ஏ.வை வரிசைப்படுத்தியது. அவர்களில் 35 சதவீதம் பேருக்கு நோய்க் காரணம் தெரிந்தது. கொலாஜன் 6 மரபணுவின் இன்ட்ரானுக்குள், எக்சோம் பரிசோதனை எட்டிப் பார்க்காத ஆழத்தில் இருந்த ஒரே மாற்றம் பல குடும்பங்களில் நோய்க்குக் காரணமாக இருந்ததும் அப்போதுதான் தெரியவந்தது. அது இன்ட்ரானின் ஒரு பகுதியை எக்சானாக நினைக்க வைத்து ஆர்.என்.ஏ.வில் நுழைத்திருந்தது.

தசை தளர்ந்து நலிவதோடு இறுகிய தசை உடனே விடாத மயோடோனிக் டிஸ்ட்ரோஃபி நோய் வேறு விதம். இதில் கெடுவது ஒரு மரபணுவின் ஸ்ப்ளைசிங் மட்டுமல்ல. டி.எம்.பி.கே. மரபணுவின் கடைசிப் பகுதியில், புரதமாக மாறாத இடத்தில், சி.டி.ஜி. என்ற மூன்றெழுத்து திரும்பத் திரும்ப வரும். இது 1992-இல் கண்டுபிடிக்கப்பட்டது. 50 முறைக்கு மேல் போனால் நோய். சிலருக்கு ஆயிரக்கணக்கில் போகும். அதிலிருந்து வரும் ஆர்.என்.ஏ. உட்கருவுக்குள்ளேயே தங்கி, மஸ்ல்பிளைண்ட் என்ற ஸ்ப்ளைசிங் புரதங்களைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. வயது வந்தவருக்குரிய ஸ்ப்ளைசிங்கை நடத்த வேண்டியவை அவை. அவை சிக்கிக்கொண்டதும் பல மரபணுக்கள் கருவில் இருந்த வடிவத்துக்குத் திரும்பிவிடுகின்றன. குளோரைடு கால்வாய் கெடுவதால் இறுக்கிப் பிடித்த கையை உடனே விட முடிவதில்லை. இன்சுலின் ஏற்பியின் எக்சான் 11 தாண்டப்படுவதால் சர்க்கரைக் கோளாறு வருகிறது. எலிகளில் குளோரைடு கால்வாயின் ஸ்ப்ளைசிங்கை மட்டும் செயற்கை இழையால் திருத்தியபோது அந்தத் தசை இறுக்கம் மறைந்தது என்று 2007-இல் காட்டினார்கள். ஒரு அறிகுறியை ஒரு எக்சானோடு இவ்வளவு நேரடியாக இணைத்த சோதனைகள் குறைவு. மாணவர்களுக்கு இதை விளக்கும்போது எனக்கு இன்னமும் உற்சாகம் அடங்குவதில்லை.

குடும்பங்களுக்கு இங்கே ஒரு எச்சரிக்கை. இந்த நோய் உள்ளவர்களுக்கு மயக்கமருந்து ஆபத்தாகலாம். எந்த அறுவைச் சிகிச்சைக்கும் முன்பே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். தசை நன்றாக இருந்தாலும் இதயத் துடிப்பைத் தவறாமல் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்க்க வேண்டும். அடுத்த தலைமுறையில் நோய் இன்னும் இளம் வயதில், இன்னும் கடுமையாக வரக்கூடும் என்பதால், வீட்டில் யாருக்காவது இளவயதில் கண்புரை வந்ததா, கைப்பிடி விடச் சிரமப்பட்டார்களா என்று கேட்டு எழுதிக்கொண்டு போங்கள்.

"எக்சோம் இயல்பு" என்று வந்துவிட்டால் மரபணு நோய் இல்லை என்று பலர் நிம்மதி அடைகிறார்கள். வழக்கமான எக்சோம் பரிசோதனை சி.டி.ஜி. நீட்சியைப் பார்க்காது. எஸ்.எம்.என்.1-உம் எஸ்.எம்.என்.2-உம் அவ்வளவு ஒத்திருப்பதால் எஸ்.எம்.ஏ.வையும் தவறவிடலாம். முகம், தோள், மேற்கையைப் பாதிக்கும் எஃப்.எஸ்.எச்.டி.யும் அதில் சிக்காது. இவை ஒவ்வொன்றுக்கும் தனிச் சோதனை உண்டு. எனவே எது பரிசோதிக்கப்பட்டது என்று கேட்பதோடு, எது பரிசோதிக்கப்படவில்லை என்றும் கேளுங்கள். பழைய அறிக்கையாக இருந்தால் மறுபடி அலசச் சொல்லுங்கள். சில ஆண்டுகளுக்கு முன் உறுதியில்லை என்று வகைப்படுத்திய மாற்றத்துக்கு இன்று விடை இருக்கலாம்.

கடைசியாக, பிள்ளைக்குத் தசை பயாப்ஸி செய்யப் போகிறார்கள் என்றால், அதற்கு முந்தைய நாளே மருத்துவரிடம் பேசுங்கள். எடுத்த திசு முழுவதையும் ஃபார்மலினில் போட்டுவிட்டால் ஆர்.என்.ஏ. துண்டு துண்டாகிவிடும். ஒரு சிறு துண்டையாவது உடனே உறையவைத்து மைனஸ் 80 டிகிரியில் பாதுகாக்க முடியுமா, எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள், வேறு ஆய்வகம் கேட்டால் யாருடைய அனுமதியோடு தருவார்கள் என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் ஆர்.என்.ஏ. பரிசோதனை தேவைப்படும்போது பிள்ளையின் காலை மறுபடி கீற வேண்டியதில்லை; அந்தத் துண்டே போதும்.